பயிற்சியில் வருகிற மதிப்பெண் போட்டியில் ஏன் வருவதில்லை? மனப்பயிற்சி பற்றி ஒரு கேள்வி

1. வெண்குறி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் கல்லூரியில் படிக்கிறேன். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். பயிற்சியில் 60 ஷாட்டுக்கு 618, 620 என்று வருகிறது (ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9). போட்டி என்றால் 610ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது.

எங்கே சரிகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. முதல் நான்கு சீரிஸ் (பத்து ஷாட் ஒரு சீரிஸ்) பயிற்சியில் வருவது போலவே வரும். ஐந்தாவது சீரிஸில் திரையின் மூலையில் மொத்த மதிப்பெண் கண்ணில் படும். "இனி ஒவ்வொன்றும் 10.3 வந்தால் போதும், பட்டியலில் பெயர் வந்துவிடும்" என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும். அடுத்தது 9.6. பிறகு 9.8. அதை ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வேகம் வந்து, 9.1.

பயிற்சியாளர் "பதறாதே" என்கிறார். பதறக் கூடாது என்று எனக்கும் தெரியும். பதறாமல் இருப்பதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. மனப்பயிற்சி, மனவலிமை என்று நிறையக் காணொளிகள் பார்த்துவிட்டேன். "உன்னை நம்பு" என்பதைத் தாண்டி எதுவும் தேறவில்லை. உண்மையில் பயன்பட்ட வழிகள் யாரிடமாவது உண்டா?

2. மணல்தடம்

தம்பி, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் பிள்ளைகளைத்தான் பழக்குகிறேன். துப்பாக்கி எனக்குத் தெரியாத துறை. ஆனால் நீங்கள் சொல்லும் நோய் எல்லா மைதானத்திலும் உண்டு.

எங்கள் பிள்ளைகளுக்கு அது, தாண்டுவதற்குக் கால் ஊன்றும் பலகையில் தெரியும். முதல் தாண்டல் ஃபவுல், இரண்டாவது ஃபவுல். மூன்றாவதும் போனால் கணக்கில் எதுவுமே இல்லை. முதல் எட்டுப் பேரில் வந்தால்தான் இன்னும் மூன்று வாய்ப்பு. அந்த மூன்றாவது ஓட்டத்தில் பையன் பலகையைப் பார்த்துக்கொண்டே ஓடுவான். கடைசி நான்கு எட்டும் குறுகிப்போகும், வேகம் செத்துவிடும், மணலில் வந்து விழுவான். பலகையைத் தொடாமலே தாண்டியிருப்பான். தூரம் கேவலமாக இருக்கும்.

நான் அவர்களிடம் பலகையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். "ஓட்டம் தொடங்கும் அடையாளத்தை அரை அடி பின்னே தள்ளி வை, முதல் ஆறு எட்டு எப்படி வைக்கிறாய் என்பதை மட்டும் பார்" என்பேன். அரை அடி தள்ளிவிட்டால் ஃபவுல் பயம் பாதி குறைந்துவிடும். மிச்சப் பாதிக்கு அந்த ஆறு எட்டு. செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் பையன் அதைச் செய்வான். "பயப்படாதே" என்பது ஒரு வேலை அல்ல.

3. வெண்குறி

நன்றி ஐயா. தம்பி இல்லை, தங்கை.

4. மணல்தடம்

மன்னிக்கவும் அம்மா! இனிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

5. கறார்க்கந்தன்

மனம், மனம் என்று எல்லோரும் ஓடுவதற்கு முன் சில சாதாரணக் கேள்விகள். போட்டிக்கு எப்படிப் போகிறீர்கள்? முந்தின இரவு பஸ்ஸில் உட்கார்ந்தபடி போய், காலையில் யாரோ ஒருவர் வீட்டில் குளித்துவிட்டு, அந்த விறைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறீர்களா? போட்டி நாளில் என்ன சாப்பிடுகிறீர்கள்? பயிற்சியில் சுடும் அதே பெல்லட்டா, அல்லது போட்டிக்கென்று புதிதாக வாங்கிய வேறு தொகுதியா? ஐந்தாவது சீரிஸில் சரிகிறது என்றால் கால் தளர்கிறது என்றும் பொருள் கொள்ளலாமே. நின்ற நிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த எடையைத் தாங்குவது விளையாட்டல்ல.

மனப்பயிற்சி என்ற பெயரில் இன்று பெரிய வியாபாரம் நடக்கிறது. கண்ணை மூடி மேடையில் பதக்கம் வாங்குவதாக நினைத்துக்கொள் என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் ஆட்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்குப் பெல்லட் வாங்கியிருக்கலாம்.

6. பத்தாம்வளையம்

கந்தன் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள்; தங்கை முதலில் அவற்றுக்குத் தனக்குள் பதில் சொல்லிக்கொள்ளட்டும். நான் பல ஆண்டுகள் ரைஃபிள் சுட்டவன், இப்போது சிறுவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் தொடங்குவது மாத் எம்மன்ஸிடமிருந்துதான்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவின் (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது) இறுதிச்சுற்று. அமெரிக்கரான எம்மன்ஸுக்குக் கடைசி ஷாட் மட்டும் பாக்கி. மூன்று புள்ளி முன்னிலை. சுமாராக ஒன்று போட்டாலே தங்கம். சுட்டார். திரையில் எதுவும் வரவில்லை. இயந்திரக் கோளாறு என்று நடுவர்களைப் பார்த்தார். அவர் நின்றது இரண்டாவது லேன். தோட்டா போய்த் தைத்தது மூன்றாவது லேனின் இலக்கில். பூஜ்யம். எட்டாவது இடம்.

இது வலுவற்ற மனம் உள்ளவர் கதை அல்ல. அதே ஏதென்ஸில் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்றவர் அவர். என்ன நடந்தது என்று பிறகு அவரே விளக்கினார். வழக்கமாக அவர் முதலில் இலக்குக்கு மேலே உள்ள லேன் எண்ணைப் பார்ப்பார், அதன் பிறகுதான் கரும்புள்ளிக்கு இறங்குவார். அந்த ஒரு ஷாட்டில் தன்னை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே கவனமாக இருந்துவிட்டார். எண்ணைப் பார்க்கவில்லை.

இதை எங்கள் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர் அமைதியாகத்தான் இருந்தார். வரிசையில் ஒரு படி விட்டுப்போனது. அமைதி வேண்டும் என்று தேடிப்போனதில்தான் அந்தப் படி விட்டுப்போனது.

அபினவ் பிந்த்ராவை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஏதென்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் மூன்றாவதாக வந்தவர், இறுதியில் ஏழாவது. அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் இறுதிச்சுற்றுக்கு முந்தைய சைட்டரில், அதாவது கணக்கில் சேராத சோதனைச் சுடுதலில், முதல் ஷாட் நடுவை விட்டு எங்கோ போய் விழுந்தது. குறிபார்க்கும் சைட் இடம் மாறியிருந்தது. இருந்த சில நிமிடங்களில் கிளிக் கிளிக்காகத் திருப்பிச் சரிசெய்தார். கடைசி ஷாட்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்ரி ஹக்கினனும் சமநிலை. ஹக்கினன் போட்டது 9.7, பிந்த்ரா போட்டது 10.8. மொத்தம் 700.5. இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம்.

அந்த நேரத்தில் அவர் மனம் பளிங்குபோல இருந்தது என்று நான் நம்பவில்லை. கை செய்ய வேண்டிய வேலை கைக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

தங்கைக்கு ஒரு கேள்வி: போட்டியில் துப்பாக்கியை எத்தனை முறை சுடாமல் கீழே இறக்குகிறீர்கள்?

7. வெண்குறி

இறக்குவதா? பயிற்சியில் நிறைய முறை இறக்குவேன். போட்டியில்… யோசித்துப் பார்த்தால் கடைசி இரண்டு சீரிஸில் இறக்கியதாகவே நினைவில்லை அண்ணா. நேரம் போய்விடும் என்று தோன்றும். பக்கத்து லேனில் இருப்பவர்கள் முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்கள்.

8. பத்தாம்வளையம்

அங்கேதான் உங்கள் 618 போகிறது.

மற்றத் துறை நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ரைஃபிளைத் தூக்கிக் கன்னத்தை வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியபின் நல்ல ஷாட்டுக்கு உள்ள நேரம் சில நொடிகள்தான். அதைத் தாண்டினால் கண்ணில் படிந்த பிம்பம் மங்கும், தசை நடுங்கத் தொடங்கும், உடம்பு காற்றுக்கு ஏங்கும். 10 மீட்டர் தொலைவில் அந்தப் பத்தாவது வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. துடிக்கும் இதயம் துப்பாக்கி முனையை அசைப்பதை நாமே சைட்டில் பார்க்கலாம். அந்தச் சில நொடிக்குள் ஷாட் அமையவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். இதைவிடப் பெரிய மனத்திறமை எங்கள் விளையாட்டில் இல்லை என்பேன். ஏனென்றால் ஏற்கெனவே உழைத்துவிட்டோம், தூக்கிப் பிடித்துவிட்டோம், கிட்டத்தட்ட நடுவில்தான் நிற்கிறது, "விட்டுவிடலாம்" என்று விரல் கெஞ்சும். அந்தக் கெஞ்சலுக்கு இணங்கினால் 9.6.

60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். அதற்கு முன் தயாராகவும் சைட்டருக்கும் 15 நிமிடம். இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கத் தாராளமான நேரம் அது. பக்கத்து லேன்காரர் முடித்துவிட்டுப் போவது அவர் பாடு.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். டைரியில் மதிப்பெண் எழுதாதீர்கள். ஒவ்வொரு சீரிஸுக்கும் எத்தனை முறை இறக்கினேன், இறக்கியிருக்க வேண்டிய எத்தனையைச் சுட்டுவிட்டேன், இந்த இரண்டு எண் மட்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

9. பாடிவந்தவன்

நான் கபடிக்காரன், தஞ்சாவூர்ப் பக்கம். துப்பாக்கிக்காரர்களுக்கு 75 நிமிடம் தருகிறார்கள் என்று படித்ததும் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு ஒரு ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் திரும்ப, 30 நொடி! அதுவும் எதிரில் ஏழு பேர் காலைப் பிடிக்கக் காத்திருப்பார்கள்.

இந்த இழையைப் படித்தபோது ஒன்று தோன்றியது. பாடிப் போகிறவனுக்குப் பயம் வராமல் காப்பது பாட்டுதான். "கபடி கபடி" என்று விடாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும், நிறுத்தினால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். அந்தச் சொல்லை விடாமல் வாயில் ஓட்டுவதற்கே மூச்சை அளந்து விட வேண்டியிருக்கிறது. வேறு எதையும் நினைக்க இடம் இல்லை. எங்கள் ஊரில் பழைய ஆட்டக்காரர் ஒருவர், புதிய பையன்கள் பாடும் சத்தத்தைக் கேட்டே "இவன் தொடாமல் திரும்பி வருவான்" என்று சொல்லிவிடுவார். பாட்டு மேலே ஏறிப்போனால் மூச்சு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். பாட்டு அடிவயிற்றில் இருந்தால் கால் தரையில் இருக்கும்.

புரோ கபடி விதியில் இரண்டு ரெய்டு தொடர்ந்து புள்ளி இல்லாமல் போனால் மூன்றாவது ரெய்டு வாழ்வா சாவா. புள்ளி எடுக்காவிட்டால் போகிறவன் அவுட். அந்த ரெய்டுக்குப் போகிறவன் கோட்டைத் தாண்டும் முன்பே, யாரைக் குறிவைக்கிறேன் என்று முடிவுசெய்திருக்க வேண்டும். இடது கார்னரில் நிற்பவனா, வலது கவரில் நிற்பவனா. உள்ளே போய் யோசித்தால் 30 நொடியும் யோசனையிலேயே போய்விடும். முடிவு தப்பாகக்கூட இருக்கட்டும், முடிவு இருக்க வேண்டும். எங்கள் அணியில் இதற்கென்றே பயிற்சி உண்டு. சாயங்காலம் எல்லோரும் களைத்த பிறகு, "இது மூன்றாவது ரெய்டு, இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம்" என்று சொல்லி ஒருவனை அனுப்புவோம். தோற்றால் அவன்தான் மறுநாள் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

10. நலம்நாடி

படபடப்புக்கு எளிய மாத்திரை இருக்கிறது. மேடையில் பாடுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லாம் போட்டுக்கொள்கிறார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கம் நிற்கும். மருத்துவரிடம் கேட்டு அரை மாத்திரை

11. பத்தாம்வளையம்

தயவுசெய்து யாரும் இதைப் பின்பற்றாதீர்கள். இப்படி இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் துப்பாக்கி சுடுதலில் தடைசெய்யப்பட்டவை. போட்டி நாளில் மட்டும் அல்ல, எல்லா நாளும். 2008 பெய்ஜிங்கில் வடகொரியாவின் கிம் ஜாங் சு பிஸ்டலில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றார். சோதனையில் புரோப்ரனோலோல் என்ற அந்த வகை மருந்து இருப்பது தெரிந்து இரண்டு பதக்கமும் பறிக்கப்பட்டன. கல்லூரிப் பிள்ளைக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

12. நெறியாளர்

மருந்தின் பெயர், அளவு பற்றிய பதிவுகள் நீக்கப்படும். விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

13. உளநூல்

விளையாட்டு உளவியல் படித்தவன், அதே துறையில் வேலை பார்க்கிறேன். கந்தன் திட்டும் வியாபாரிகளை நானும் திட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நன்றாகப் பழகிய ஒருவர் நெருக்கடியில் சரிவதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, கவனம் வேலையை விட்டு வெளியே போவது: வெண்குறி போடும் 10.3 கணக்கு அதுதான். மற்றொன்று, கவனம் அளவுக்கு மீறி உள்ளே போவது: கை தானாகச் செய்துகொண்டிருந்த ஒன்றை, "விரல் சரியாக அழுத்துகிறதா, தோள் சரியாக இருக்கிறதா" என்று மனம் மேற்பார்வை பார்க்கத் தொடங்குவது. மணல்தடம் ஐயாவின் மாணவன் தன் கடைசி நான்கு எட்டைப் பார்த்துப் பார்த்துக் குறுக்கிக்கொள்கிறானே, அது. வெண்குறிக்கு முதலாவது வந்து இரண்டாவதை இழுத்துவருகிறது என்று நினைக்கிறேன். கணக்கு, அதனால் 9.6, அதனால் "என் டெக்னிக்கில் என்ன தவறு" என்ற ஆராய்ச்சி, அதனால் 9.1.

இதற்கு என்ன செய்யலாம் என்பதில் எனக்குப் பிடித்த ஆய்வுகள் இரண்டு. 2001இல் சியான் பெய்லாக், தாமஸ் கார் இருவரும் கோல்ஃப் பந்தைக் குழிக்கு உருட்டும் பயிற்சியை வைத்துச் சோதித்தார்கள். கேமரா தங்களைப் படம்பிடிக்கிறது என்ற உணர்வோடு பழகியவர்கள், பிறகு நெருக்கடி கொடுத்தபோது சரியவில்லை. இரண்டாவது நெதர்லாந்தில் ரவுல் ஊடெயான்ஸ் 2008இல் வெளியிட்டது, உங்கள் துறைக்கு இன்னும் நெருக்கமானது. காவலர்களில் ஒரு பிரிவு அட்டை இலக்கை நோக்கிச் சுட்டுப் பழகியது. மற்றொரு பிரிவு, திருப்பிச் சுடும் ஆளை நோக்கிச் சுட்டுப் பழகியது. தோட்டாவில் வண்ணச் சோப்புதான், ஆனால் பட்டால் வலிக்கும். பயிற்சி முடிந்து நெருக்கடியில் சோதித்தபோது அட்டையோடு பழகியவர்கள் முன்பு போலவே தடுமாறினார்கள். திருப்பிச் சுடும் ஆளோடு பழகியவர்கள் குறி தளரவில்லை.

படபடப்பைக் குறைக்க இவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதைக் கவனியுங்கள். படபடப்போடு வேலை செய்யப் பழகினார்கள். கபடிக்காரர் சொன்ன தண்ணீர் தெளிக்கும் தண்டனையும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆய்வு எதுவும் படிக்காமலே.

எல்லோரும் ஒரே அளவு அமைதியாக இருக்க வேண்டும் என்பதும் சரியல்ல. சோவியத் ரஷ்யாவில் தொடங்கிப் பின்லாந்தில் ஆய்வைத் தொடர்ந்த யூரி ஹனின் இதைத்தான் வலியுறுத்தினார்: நன்றாக ஆடும்போது உள்ள பதற்றத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தால்தான் கை ஓடும். வெண்குறி தன் சிறந்த போட்டி எதுவோ அதை நினைத்துப் பார்க்கட்டும். அன்று காலையில் எப்படி இருந்தது? அமைதியாகவா இருந்தது?

14. வெண்குறி

இல்லை. அன்று காலையில் ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை, தோழியோடு சண்டை, கடுங்கோபத்தில் போய்ச் சுட்டேன்!

15. உளநூல்

அப்படியானால் அமைதியைத் தேட வேண்டாம். (தோழியோடு சண்டை போடவும் வேண்டாம்.)

16. கறார்க்கந்தன்

ஆய்வுகளைப் படித்தேன். சோப்புத் தோட்டா ஆய்வில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தால் ஒரு பஸ்ஸில் பாதி இருக்கைகூட நிரம்பாது. அதை வைத்து உலகத்துக்கே விதி சொல்ல முடியாது.

எம்மன்ஸ் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள். 2008 பெய்ஜிங்கில் மறுபடி அதே பிரிவில் கடைசி ஷாட்டுக்கு முன் 3.3 புள்ளி முன்னிலை. குறி இறங்கி வரும்போதே விரல் ட்ரிகரில் பட்டு வெடித்து 4.4. நான்காவது இடம். 2012 லண்டனில் கடைசி ஷாட் 7.6, கையில் இருந்த வெள்ளி வெண்கலமாயிற்று. உலகத்தின் சிறந்த பயிற்சியாளர்களும் வசதிகளும் உள்ள நாட்டுக்காரருக்கே மூன்று முறை. மனப்பயிற்சி இவ்வளவு கைகொடுக்கும் என்றால் அவருக்கு ஏன் கைகொடுக்கவில்லை?

17. பத்தாம்வளையம்

நியாயமான கேள்வி. என் பதில் இது. மூன்று ஒலிம்பிக்கில் ஒரே பிரிவின் இறுதிச்சுற்றில் கடைசி ஷாட் வரை பதக்கத்தின் பக்கத்தில் நின்றவர் உலகத்தில் எத்தனை பேர்? ஏதென்ஸில் நடந்ததற்குப் பிறகு பலர் துப்பாக்கியையே தொட்டிருக்கமாட்டார்கள். அவர் பெய்ஜிங்கில் படுத்துச் சுடும் பிரிவில் வெள்ளி வென்றார், 2010இல் தைராய்டு புற்றுநோய், அதன் பிறகு லண்டனில் அந்த வெண்கலம். நீங்கள் எண்ணுவது மூன்று ஷாட்டை. நான் எண்ணுவது அவற்றுக்கு நடுவில் அவர் சுட்டவற்றை.

ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்: கடைசி ஷாட் என்ற ஒன்றை எந்தப் பயிற்சியும் முழுதாக அடக்கிவிடாது.

18. கறார்க்கந்தன்

இந்த ஒரு வரியை அந்த வியாபாரிகள் சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்கமாட்டேன்.

19. மதுரைத்தாய்

என் மகன் பாட்மிண்டன் ஆடுகிறான், பதினான்கு வயது. அவனைப் பற்றிக் கேட்கலாமா? பயிற்சியில் சிரித்துக்கொண்டே ஆடுகிறவன், போட்டி என்றால் முந்தின நாளே சாப்பிடுவதில்லை. தோற்றுவிட்டு வந்தால் அவனுடைய அப்பா ஒன்றும் திட்டுவதில்லை. காரில் ஏறியதும் "எந்த இடத்தில் விட்டாய்?" என்று மட்டும் கேட்பார். அவர் உதவத்தான் கேட்கிறார். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். இப்போது காரில் ஏறும்போதே காதில் பாட்டு மாட்டிக்கொள்கிறான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

20. மணல்தடம்

அம்மா, காரில் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். பசிக்கிறதா, எங்கே நிறுத்தலாம், அவ்வளவு போதும். ஆட்டத்தை அலசுவது பயிற்சியாளர் வேலை, அதுவும் மறுநாள். அவனே வாய் திறந்தால் கேளுங்கள். "அந்த இடத்தில் நீ இப்படி ஆடியிருக்கலாம்" என்று தொடங்காதீர்கள்.

நான் பார்த்தவரையில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எதுவோ அதற்குத்தான் பிள்ளை மைதானத்தில் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே பார்வையாளர் பக்கம் திரும்பி அப்பா முகத்தைப் பார்க்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பாட்மிண்டனில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் அவன் போய்வர வேண்டிய இடம் அப்பா முகம் அல்ல. துண்டால் கையைத் துடைப்பது, ராக்கெட்டின் நரம்பைச் சரிசெய்வது, எங்கே சர்வ் போடுவது என்று முடிவு, இந்த வரிசையைப் பயிற்சியாளரோடு சேர்ந்து அவனே அமைத்துக்கொள்ளட்டும்.

21. உளநூல்

மணல்தடம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முந்தின நாள் ஒருவேளை சாப்பிடாமல் இருப்பது பரவாயில்லை. அது வாரம் முழுவதும் தொடர்ந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, பயிற்சிக்கே போக மறுத்தாலோ மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அது விளையாட்டுப் பயிற்சியால் தீர்க்கும் விஷயம் இல்லை.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் செய்ததை அவனுக்குச் சொல்லிப் பாருங்கள். 2021இல் அணி இறுதிப்போட்டியில் ஒரு வால்ட் முடிந்ததும் விலகிக்கொண்டார். காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரியாமல் போயிருந்தது. அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்து முறியும். நிறையப் பேர் அவரைக் கோழை என்றார்கள். அதே ஒலிம்பிக்கில் சில நாள் கழித்து, முறுக்கிச் சுழலத் தேவையில்லாதபடி இறக்கத்தை மாற்றிக்கொண்டு, சமநிலைக் கட்டையில் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. தன்னால் எது முடியும், இன்றைக்கு எது முடியாது என்று கணித்ததும் திறமைதான்.

22. குதிரைநகர்வு

சதுரங்கத்தை இங்கே விளையாட்டாகச் சேர்ப்பீர்களா தெரியாது. 2024 சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் குகேஷ், டிங் லிரனிடம் முதல் ஆட்டத்தையே தோற்றார், அதுவும் வெள்ளைக் காய்களோடு. மூன்றாவதை வென்றார். பதினொன்றாவதை வென்று முன்னே போனார், அடுத்த நாளே பன்னிரண்டாவதைத் தோற்றார். அப்படி ஒரு தோல்விக்குப் பிறகும் பதினான்காவது ஆட்டம் சமனை நோக்கிப் போகும்போது விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், முடிந்தது. குகேஷோடு வேலை பார்த்த மனப்பயிற்சியாளர் பாடி அப்டன் 2011இல் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியிலும் இருந்தவர். கந்தன் அண்ணன் அவரையும் வியாபாரி என்பாரா?

23. கறார்க்கந்தன்

அவரை இல்லை. ஆனால் குகேஷ் ஏழு வயதிலிருந்து ஆடிய ஆட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு, கூட இருந்த ஒருவர் பெயரை மட்டும் சொல்லி அதை வைத்துத் தங்கள் பயிற்சியை விற்பவர்களை அப்படித்தான் சொல்வேன்.

24. வெண்குறி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இதுவரை புரிந்துகொண்டதை வைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். பத்தாம்வளையம் அண்ணா சொன்ன இரண்டு எண்களை இந்த வாரம் எழுத ஆரம்பித்துவிட்டேன். இறக்கியிருக்க வேண்டியதைச் சுட்டது என்ற எண் ஐந்தாவது சீரிஸில் மட்டும் எகிறுகிறது, பயிற்சியில்கூட! இத்தனை நாள் இதை நான் கவனித்ததே இல்லை. கணக்குப் போடும் பழக்கத்துக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. திரையைப் பார்க்காமல் இருக்க முடியாது, ஷாட் எங்கே விழுந்தது என்று பார்த்தால்தான் சைட்டைத் திருத்த முடியும்.

25. பத்தாம்வளையம்

திரையைப் பாருங்கள். எதைப் பார்க்கிறீர்கள் என்பதை மாற்றுங்கள். ஷாட் விட்டதும் திரைக்குப் போகாதீர்கள், ஃபாலோ த்ரூ (சுட்ட பிறகும் குறியில் அப்படியே நிற்பது) முடியட்டும், ரைஃபிள் ஸ்டாண்டுக்கு வரட்டும், "இது வலது பக்கம் மேலே, 10.2" என்று உங்கள் வாய்க்குள் சொல்லுங்கள். அதன் பிறகு திரை. நீங்கள் சொன்னதும் திரை காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒத்துப்போனால் 9.8 ஆனாலும் கவலையில்லை, உடம்பு சரியான தகவல் தருகிறது. ஒத்துப்போகாவிட்டால்தான் சைட், நிலை என்று தேட வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இப்படி ஊகம் சொல்ல வேண்டியிருந்தால் மொத்தக் கணக்குக்கு நேரம் இருக்காது. கபடிக்காரர் பாடிக்கொண்டே போவதாகச் சொன்னாரே, உங்களுக்குப் பாட்டு இது.

இறுதிச்சுற்றுப் பயிற்சியையும் இப்போதே தொடங்குங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்த முறை: ஐந்து ஐந்தாக இரண்டு சீரிஸ், பிறகு ஒவ்வொரு ஷாட்டுக்கும் 50 நொடி, கட்டளைக்குச் சுட வேண்டும், இரண்டு ஷாட்டுக்கு ஒருவர் வெளியே. 50 நொடிக்குள் ஒருமுறை இறக்கிவிட்டு மறுபடி தூக்கலாம், இரண்டாவது முறைக்கு நேரம் போதாது. அந்த ஒருமுறை இறக்கும் துணிச்சல் கூட்டத்துக்கு முன்னால் வர வேண்டும். ரேஞ்சில் உள்ள மற்றப் பிள்ளைகளை நாற்காலி போட்டுப் பின்னால் உட்காரவைத்து, ஒருவரை ஒலிபெருக்கியில் மதிப்பெண் அறிவிக்கச் சொல்லுங்கள். பெரிய இறுதிச்சுற்றுகளில் இப்போது பாட்டும் கைதட்டலும் சேர்ந்தே இருக்கும். தேர்த்திருவிழாவில் நின்று சுடுகிற மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

26. பாடிவந்தவன்

கூச்சல் போட ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள் தங்கையே. எங்கள் அணி முழுவதும் கோவைக்கு வரத் தயார். சாப்பாடு மட்டும் உங்கள் கணக்கு.

27. வெண்குறி

அண்ணா, ஏழு பேருக்கா?

28. பாடிவந்தவன்

மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து பன்னிரண்டு.

29. கறார்க்கந்தன்

கூச்சல் போடுகிறவர்கள் போடட்டும். தங்கைக்கு நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த போட்டி எந்த ஊரில், எப்படிப் போகிறீர்கள்?

30. வெண்குறி

சென்னை அண்ணா. இதுவரை எப்போதும் இரவு பஸ்தான். விடியற்காலையில் இறங்கி நேராக ரேஞ்சுக்குப் போய்விடுவேன்.

31. கறார்க்கந்தன்

ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறது. ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருகிற மாதிரி பகல் ரயிலில் இன்றே டிக்கெட் எடுங்கள். ஜாக்கெட்டும் துப்பாக்கிப் பெட்டியும் இருப்பதால் கீழ்வரிசை ஓரம் கேளுங்கள். உங்கள் துப்பாக்கிக்கான தாள்களைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் வைக்க வேண்டாம். ஸ்டேஷனில் கேட்டால் நடைமேடையில் பெட்டியைத் திறந்து நிற்க வேண்டியிருக்கும்.

32. வெண்குறி

எடுத்துவிட்டேன். ஜன்னலோரம் கிடைத்திருக்கிறது.